விதைக்கும் முன்பே கொள்முதல் முடிவாக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெப்பமண்டலக் கடற்கரை விடுதிகள் பல, வாசலில் நாலு பாத்தி கீரை போட்டுவிட்டு 'எங்கள் தோட்டத்துக் காய்கறி' என்று பலகை வைத்துவிடுகின்றன. சமையலறைக்கு வேண்டியதோ தொலைதூரத்திலிருந்து குளிர்பதன லாரியில் வருகிறது. லாரி குறைய வேண்டுமானால் பாத்தியைப் பெருக்கினால் போதாது. கொள்முதல் முறை மாற வேண்டும்.

தண்டுக்கீரை அறுவடைக்கு வர 35 முதல் 40 நாள் ஆகும். வெண்டை காய்க்கத் தொடங்க 45 நாளாவது வேண்டும். முதல்நாள் மாலை போன் போட்டு மறுநாள் காலை சரக்கு கேட்டால் பக்கத்து விவசாயி எங்கே போவார்? வாரத்துக்கு இத்தனை கிலோ என்று விதைக்கும் முன்பே எழுதிக் கொடுத்தால், வாரம் ஒரு பாத்தியாகப் பிரித்து விதைப்பார். எல்லாம் ஒரே நாளில் முற்றாது. பணத்தையும் வாரா வாரம் கொடுத்துவிட வேண்டும். ஒன்றரை மாதம் காத்திருக்கச் சிறு விவசாயியால் முடியாது. விடுதிகளுக்குக் காயெல்லாம் ஒரே அளவில் வேண்டுமாம். சூப்புக்குப் போகும் காய்க்கு அழகு எதற்கு? லெட்டூஸ் கேட்பதும் வீண். சூடு ஏறினால் தண்டு நீண்டு பூவெடுத்து இலை கசந்துவிடும். சாலட்டுக்கு வல்லாரையும் பருப்புக்கீரையும் இருக்கின்றன.

விடுதிக்குள்ளேயே செய்ய வேண்டியது மட்கு உரம். ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு சேர வேண்டும்; சருகு குறைந்தால் நாற்றமும் ஈயும்தான் மிச்சம். குவியல் ஒரு மீட்டர் உயரமாவது இல்லாவிட்டால் சூடேறாது. நடுவில் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூன்று நாளாவது நின்றால்தான் களை விதையும் கிருமியும் சாகும். பிறகு வெளிப்பக்கம் உள்ளே போகும்படி கிளறி, மறுபடி சூடேற விட வேண்டும். தட்டில் மிஞ்சிய குழம்பு வேண்டாம். உப்பும் எண்ணெயும் சேரும். மணலில் சத்து தங்காது, தண்ணீரோடு இறங்கிவிடும். எனவே உரத்தை மொத்தமாகக் கொட்டாமல் அடிக்கடி கொஞ்சமாக இடுவதே சரி.

பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். சுத்திகரித்த கழிவுநீர் தென்னைக்கும் புல்தரைக்கும் போகலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்குக் கூடாது. கடின நீரை மென்மையாக்கும் கருவியைக் கழுவிவிடும் உப்புநீரும் அந்தக் கழிவுநீர்த் தொட்டியில் கலந்தால் இலையோரம் கருகும். சத்துக் குறைவு என்று நினைத்து ரசாயன உரத்தைப் போடுவார்கள். அதுவும் உப்புதான், கருகல் கூடும். அந்த உப்புநீர்க் குழாயை முதலில் தனியே பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலோர விடுதிகளுக்குத் தோட்டம் அமைப்போர் சிலர்