நத்தை ஓடு மாற்றுவதில்லை

ஆசிரியருக்கு,

நத்தை வளர வளரப் பழைய ஓட்டை விட்டுவிட்டுப் பெரிய ஓடு தேடிப் போகும் என்று உங்கள் சிறுவர் பகுதியில் போட்டிருந்தீர்கள். அது துறவி நண்டு செய்கிற வேலை. நத்தை முட்டையிலிருந்து வரும்போதே ஓட்டோடுதான் வருகிறது, கண்ணாடி மாதிரி மெல்லிசாக. வந்ததும் பல குஞ்சுகள் முதலில் தின்பது தாங்கள் இருந்த முட்டையின் ஓட்டைத்தான், சுண்ணாம்புச் சத்துக்காக. அப்புறம் உடலைப் போர்த்தியிருக்கும் சதைமடிப்பு ஓட்டின் வாய் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் புது ஓட்டைச் சேர்த்துக்கொண்டே போகும், அதனால் வளர்ந்த நத்தையின் சுருள் நுனியைப் பார்த்தால் குஞ்சாக இருந்தபோது சுமந்த அதே ஓடு பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

படத்தில் 'ஆண்', 'பெண்' என்று எழுதியிருந்ததும் சரியில்லை. தோட்டத்து நத்தைகளில் பெரும்பாலானவை ஒரே உடலில் இரண்டுமாக இருப்பவை. இணைசேர்ந்த பிறகு இரண்டுமே மண்ணில் முட்டையிடலாம். கடல் நத்தைகள் பலவற்றில்தான் ஆண், பெண் தனித்தனி.

சின்னப் பிழைதானே என்று விடாதீர்கள். இதைப் படித்துவிட்டு நத்தையை வேறு ஓட்டில் நுழைக்கப் பார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள். உடல் ஓட்டோடு தசையால் ஒட்டியிருக்கிறது, பிய்த்தால் செத்துவிடும். திருத்தம் போடுங்கள்.

ஒரு வாசகர்