முதிய பூனைகளுக்கு வீட்டிலேயே மருத்துவம்: கற்றுத்தர ஏற்பாடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு ஊர்களில் பூனை இல்லாத பழைய வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நெல்லும் புளியும் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைத்த வீடுகளில் எலிக்காகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பூனைகள், பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர்களுக்குத் துணையாகிவிட்டன. முன்பெல்லாம் நாய் கடித்தோ வண்டியில் அடிபட்டோ சில வருடங்களில் முடிந்துபோன பூனைகள், இப்போது கதவுக்குள் வளர்ந்து, தடுப்பூசியும் போட்டுக்கொண்டு, 12 அல்லது 15 வயது வரை இருக்கின்றன. அந்த வயதில் வரும் நோய்களுக்கான மருத்துவத்தில் பெரும்பகுதி வீட்டில்தான் நடந்தாக வேண்டும். அதை வளர்ப்பவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்க நம் பகுதியில் ஓர் ஏற்பாடு தேவை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கால்நடை பராமரிப்புத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதிய பூனைகளுக்கு மிகுதியாக வருவது நாள்பட்ட சிறுநீரக நோய். தண்ணீரை அடிக்கடி தேடிப் போவது, வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீர் கழிப்பது, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு மெலிவது, ரோமம் பளபளப்பு இழந்து திரிதிரியாக நிற்பது, வாயில் கெட்ட வாடை அடிப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். வெயிலுக்குத் தண்ணீர் குடிக்கிறது என்று நாம் இருந்துவிடுவோம். பூனையும் தன் நோயை லேசில் வெளியே காட்டாது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருப்பது தெரியவரும்போது சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போய்விட்டிருக்கும். போனது திரும்பாது என்றாலும், மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு பல மாதங்கள், சில பூனைகள் சில ஆண்டுகள்கூட, தின்று உறங்கி நிம்மதியாக இருக்க முடியும். இதற்கு வாரம் ஒருமுறை எடை பார்ப்பதே நல்ல தொடக்கம். 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது நம் கண்ணுக்குப் படாது; உடலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்பதைத் தராசு காட்டிவிடும்.

என் வீட்டுப் பூனை மெலியத் தொடங்கியபோது நான் முதலில் போன இடத்தில், "வயசான பூனைதானே ஆச்சி, இனிமே என்ன பாக்கப்போறீங்க?" என்று கேட்டார்கள். அவர்களிடம் எனக்கு வருத்தம் இல்லை. கோமாரித் தடுப்பூசி முகாம், ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து, தை பிறந்தால் மஞ்சுவிரட்டு மாடுகளுக்கு உடல்தகுதிச் சோதனை என்று அவர்களுக்குக் கை ஓயாத வேலை. மனிதர்களுக்கான பரிசோதனை நிலையம் ஒன்றிலோ, பூனை இரத்தம் என்றதும் வாங்கவே மறுத்துவிட்டார்கள். கிரியேட்டினினை அளக்கும் முறை இருவருக்கும் ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்கும் எல்லைகள் மட்டுமே வேறு. டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்றால் மனிதருக்குக் கவலைப்பட வேண்டிய அளவு, பூனைக்கு 1.6 வரை பெரும்பாலும் இயல்பாகவே கொள்ளப்படுகிறது, 5-ஐத் தாண்டினால் நோயின் நான்காவதும் கடைசியுமான நிலை.

பின்னர் வெளியூரில் ஒரு இளம் கால்நடை மருத்துவர், சிறுநீரக நோயில் உடல் நீர்வற்றிப் போகாமல் இருக்கத் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவதை எனக்கும் வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்க் கரைசல் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டாங்கட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிடுகிறோம். ஆத்தங்குடிக் கல் வழுக்குவதால் கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் பூனையை உட்கார்த்தி, டியூபில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே தளர்ந்திருக்கும் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்பின் அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். நரம்பைத் தேட வேண்டியதே இல்லை. நீர் இறங்க இறங்க முதுகில் ஒரு புடைப்பு எழும். சில சமயம் அது முன்னங்கால் பக்கம் சரிந்து தொங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள், ஆனால் சில மணி நேரத்தில் உடல் அதை ஈர்த்துக்கொள்ளும். அளவு வழக்கமாக 100 மி.லி. அளவில் இருக்கும் என்றாலும், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இதயம் பலவீனமான பூனைக்கு நீர் மிஞ்சினால் மூச்சுக்கே ஆபத்து. ஒவ்வொரு முறையும் புது ஊசி வேண்டும். மருந்துக்கடையில் குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் வாங்கக் கூடாது, அது தோலடியில் ஏற்றுவதற்கு உரியதன்று. இவ்வளவையும் ஒருவர் பக்கத்தில் நின்று காட்டினால், எழுபது வயதிலும் கற்றுக்கொள்ள முடிகிறது.

உணவு விஷயத்தில் நம் வீட்டு வழக்கங்கள் சில பூனைக்கு ஆகாதவை. பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே போட்டு வளர்ப்பவர்கள் இங்கு நிறைய. பூனையோ இறைச்சியை நம்பியே வாழும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். குழம்பில் வெந்த கோழித்துண்டைக் கழுவிப் போட்டாலும், அதில் ஊறிய சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும். கருவாட்டு உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உப்பில்லாமல் அவித்த கோழியையோ மீனையோ இளஞ்சூட்டில் வைத்தால், பசி மந்தித்த பூனையும் வாசனைக்கு எழுந்து வரும். சிறுநீரக நோய்க்கென்றே பாஸ்பரஸ் குறைத்துத் தயாரிக்கும் உணவும் கிடைக்கிறது. ஆனால் அதைத் தொடாத பூனையைப் பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து நிலைமை கைமீறிவிடும்.

இவற்றைவிட அவசரமாகச் சொல்ல வேண்டியது பாராசிட்டமால் பற்றி. உடம்பு சுடுகிறதே என்று கால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த மருந்தை முறிக்கத் தேவையான நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடக் கூடும். ஈறு பழுப்பு நிறமாகும், முகம் வீங்கும், மூச்சு இரைக்கும். அந்நிலையில் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பார்த்துக்கொள்ள வழி தெரியாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் ஊரறிந்ததுதான். பூனைப் பாவம் பொல்லாதது என்று பேசிக்கொண்டே, நோயாளிப் பூனையைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையிலோ சந்தைப் பக்கத்திலோ விட்டுவிட்டு வருகிறார்கள். வளர்த்த பிராணியைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கு அது ஒரு டீக்கும் வடைக்கும் ஆகும் காசு என்பதால், சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்த முடியாது. எந்தச் சிகிச்சைக்கும் பலனில்லாமல் வலியில் துடிக்கும் நிலை வந்தால், மருத்துவர் கையால் அமைதியாக முடித்துவைப்பது கண்மாய்க்கரையைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பது என் கருத்து. அதைப் பாவம் என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அந்த முடிவை எப்போது எடுப்பது என்று கலந்து பேச ஒரு மருத்துவராவது கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எனவே, காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களின் அரசு கால்நடை மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு பிற்பகலைச் சிறு பிராணிகளுக்கென்று ஒதுக்கி, சலைன் ஏற்றுவது, மாத்திரை விழுங்க வைப்பது, எடைக் கணக்கு எழுதுவது ஆகியவற்றை வளர்ப்பவர்களுக்கு நேரில் செய்துகாட்ட வேண்டுகிறேன். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மாணவர்களை இதற்கு அழைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் முதிய பூனைகளைக் கையாண்ட பழக்கம் கிடைக்கும். இரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா ஆகிய இரு கழிவுகளின் அளவையும் அங்கேயே பார்க்க வசதி செய்தால், நோயுற்ற பூனையைக் கூடையில் வைத்து மதுரைக்கோ திருச்சிக்கோ பேருந்தில் கொண்டுபோகும் அலைச்சல் மிச்சமாகும். இவையெல்லாம் அமைய நாளாகும் என்றால், பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது என்ற ஒற்றை வரி அறிவிப்பை மருந்துக்கடைகளில் ஒட்டச் செய்வதை இந்த வாரமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.