உன் ஏ7 திரும்பி வருகிறது

நோர்வூட்,
ஞாயிறு இரவு.

மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். மாமாவின் முழங்கால் அப்படியேதான். பெரியவள் ஓ.எல். எழுதி முடித்துவிட்டுத் தூங்குகிறாள், எழுப்பினால் சாப்பிடுகிறாள். தலைவர் கதையை நேரில் சொல்கிறேன், எழுத்தில் வைக்க முடியாது. தீபாவளிக்கு வந்தபோது விட்டுப்போன உன் சோனி ஏ7 3 கமராவை எடுத்துக்கொள்கிறேனா என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், அதனால்தான் கடிதம். எடுத்துக்கொள்ளவில்லை. திட்டுவதற்கு முன் முழுக்க வாசி.

முதலில் செய்தி. சிறுத்தையைப் பார்த்தேன்.

எங்கே என்று கேட்காதே. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை, அவ்வளவுதான் சொல்வேன். மழை விட்ட ஒரு மாலை, ஐந்தரை மணி இருக்கும். மருமகனின் நிக்கோன் பி1000 கமரா என் கையில் இருந்தது. நீ பிளாஸ்டிக் பீரங்கி என்று பெயர் வைத்தாயே, அதேதான். பாறையில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. காய்ந்த பன்னச் செடியாக இருக்கும் என்றுதான் சூமை இழுத்தேன். பன்னம் கையை நக்கியது! மச்சான், நான் பிறந்து வளர்ந்த மலை இது. ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. காலடி பார்த்திருக்கிறேன், நாய் காணாமல் போன கதை ஆயிரம் கேட்டிருக்கிறேன், ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது எழுந்து, முதுகை நீட்டி, அவசரமில்லாமல் உள்ளே போனது. எனக்குக் கை நடுங்கியதில் பாதிப் படத்தில் பாறை மட்டும்தான் இருக்கிறது.

உடனே உன் ஏ7ஐ எடுத்து அதே இடத்தை எடுத்தேன், கணக்குப் பார்க்கத்தான். பாறை ஒரு கிலோமீற்றர் தூரம் என்று வை. நீ கொடுத்த 28-70 லென்ஸை 70இல் வைத்தால் படத்தின் அகலத்தில் அரைக் கிலோமீற்றர் மலை விழுகிறது. ஒன்றேகால் மீற்றர் சிறுத்தைக்கு அதில் கிடைப்பது 15 புள்ளி (பிக்சல்). பி1000 முழு சூமில் 3000 மில்லிமீற்றருக்குச் சமம். அதே தூரத்தில் அதற்குள் விழுவது 12 மீற்றர்தான். சிறுத்தைக்கு 450 புள்ளிக்கு மேல் கிடைக்கிறது. படம் நல்ல படம் என்று சொல்ல வரவில்லை. பெரிதாக்கினால் மயிர் தெரியாது, தண்ணீருக்கு மேலே காற்று அலைவதால் விளிம்பெல்லாம் கரைந்திருக்கிறது, வெளிச்சம் குறைந்ததும் நிறம் சேறாகிவிட்டது. ஆனால் அது சிறுத்தை என்று எவரும் சொல்வார்கள். உன்னுடைய 15 புள்ளியைக் காட்டினால் பன்னம் என்பார்கள்.

இப்போது நீ சென்சர் பிரசங்கத்தைத் தொடங்குவாய், கமராவுக்குள் வெளிச்சம் விழுகிற அந்தத் தகட்டைப் பற்றி. தெரியும், மனப்பாடம். ஃபுல் ஃபிரேம் 36க்கு 24 மில்லிமீற்றர், பி1000இன் சென்சர் 6.2க்கு 4.6, பரப்பில் 30 மடங்கு வித்தியாசம், ஆகவே அது பொம்மை. கலியாண வீட்டில் இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் கணக்கு மாஸ்டர், என்னிடம் நடக்காது. லயத்து வீட்டில் கூரை ஒழுகும்போது வாளி வைப்போமே, எவ்வளவு தண்ணீர் பிடிபடும் என்பதை வாளியின் வாய் அகலம்தான் தீர்மானிக்கிறது, அடி அகலம் இல்லை. கமராவிலும் தூரத்துப் பொருளிலிருந்து எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்பதற்கு லென்ஸின் துவாரத்தைப் பார்க்க வேண்டும். லென்ஸின் உண்மையான மில்லிமீற்றரை எஃப் எண்ணால் வகுத்தால் அது வந்துவிடும்.

இந்த வகுத்தலை ஒரு நாள் இரவு உட்கார்ந்து செய்தேன், தூக்கம் போய்விட்டது. சோனி ஆர்எக்ஸ்10 4 என்று 2017இல் ஒன்று வந்ததே, லென்ஸ் கழற்ற முடியாத வகை, ஒரு அங்குல சென்சர். ஃபுல் ஃபிரேம் பரப்பில் அதைப் போல ஏழு மடங்கு. அதன் சூம் முழுவதும் இழுத்தால் ஃபுல் ஃபிரேமில் 600க்குச் சமம். உண்மையில் அந்த லென்ஸ் 220 மில்லிமீற்றர், எஃப்4. துவாரம் 55 மில்லிமீற்றர். இனி, கெனன்காரன் தன் ஃபுல் ஃபிரேமுக்கு விற்கிற 600 எஃப்11ஐ எடு. 600ஐ 11ஆல் வகு. அதுவும் 55க்கு அரைப்புள்ளி குறைவு! அதாவது ஃபுல் ஃபிரேம் வாங்கி, மலிவான 600 லென்ஸைப் போட்டால், தூரத்துச் சிறுத்தைக்கு நான் பிடிக்கிற வெளிச்சமும் அந்தப் பொம்மை பிடிக்கிற வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்று. உன் 30 மடங்கு, ஏழு மடங்கு எல்லாம் எங்கே போனது? ஃபுல் ஃபிரேம் உண்மையில் ஜெயிக்க வேண்டுமென்றால் உன் சோனிக்கு 200-600 லென்ஸ் போட வேண்டும். துவாரம் 95, வெளிச்சம் மூன்று மடங்கு. லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல், விலை உன் ஏ7இன் விலைக்குக் கீழே இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன பிறகு, வாத்தியார் அந்த லென்ஸைப் படத்தில் பார்க்கலாம்.

உன் கட்சிக்கும் ஒரு நியாயம் சொல்கிறேன், பிறகு அழாதே. இதே கணக்கைக் கிட்டத்துக்குப் போட்டால் எல்லாம் தலைகீழ். உன் 50 எஃப்1.8 லென்ஸின் துவாரம் 28 மில்லிமீற்றர். பி1000ஐ சூம் இழுக்காமல் வைத்தால் துவாரம் ஒன்றரை மில்லிமீற்றர்! கோயில் மண்டபத்துக்குள் சின்னவளை எடுத்துப் பார்த்தேன், முகமே இல்லை. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் குளிர்காலத்துக்கு வருகிற ஆறுமணிக்குருவி வேலிக்கு அடியில், இருட்டு மண்ணில் குதித்துக்கொண்டிருந்தது. பீரங்கியில் கறை கறையாக வந்தது. உன் ஏ7 அங்கே இருந்திருந்தால், கிட்டப் போக விட்டிருந்தால், வேறு கதை. அந்த 'விட்டிருந்தால்'தான் பிரச்சினை.

அப்புறம் பூஞ்சணம். நீ கொழும்பில் ஏசியில் இருக்கிறாய். இங்கே ஜூன், ஜூலையில் அலுமாரிக்குள் சப்பாத்தே பச்சையாகிறது. லென்ஸ் கழற்றுகிற கமராவில் ஒரு லென்ஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம். பி1000 மாதிரி லென்ஸ் கழற்ற முடியாத பிரிட்ஜ் கமராவில் உள்ளே பூஞ்சணம் பிடித்தாலோ சூம் மோட்டார் போனாலோ மொத்தமும் போனது. இந்த விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. சிலிக்கா ஜெல்லைப் போட்டு பிஸ்கட் டின்னில் வைக்கப் போகிறேன், டின்னுக்காக வீட்டில் சண்டையும் முடிந்துவிட்டது.

இனிச் சொல்லப்போவதைச் சிரிக்காமல் கேள்.

பீரங்கி வந்த புதிதில் பள்ளிக்கூட வாசலிலிருந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் கண்ணுக்குக் கலர் கலராகப் படங்கு மட்டும்தான் தெரியும். சூமை இழுத்தேன், ஒரு முகம் வந்தது. சின்னம்மா. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது, பக்கத்தில் யாருமில்லை. சித்தப்பா போன பிறகு வீட்டில் அவள் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசி நாங்கள் பார்த்ததில்லை. மலையில் வைத்துப் பேசுகிறாள் போல. கையைக் கூட நீட்டி நீட்டிச் சொல்கிறாள். நான் பட்டனை அமுக்கிவிட்டேன். நல்ல வெளிச்சம், படம் பிரமாதம். இரவு வீட்டில் அவள் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தரும்போது அந்தப் படம் கமராவுக்குள் இருந்தது. அழித்துவிட்டேன். ஆனால் பார்த்ததை என்ன செய்வது?

உல்லாசப் பயணிகளைப் பற்றி நாம் எவ்வளவு பேசியிருப்போம். அவர்கள்கூடக் கிட்ட வந்து, சிரித்து, கையைக் காட்டிக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் நீ ஒரு கல்லறையைக் காட்டினாயே, ஜூலியா மார்கரெட் கமரன். 1875இல் வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாவில் செத்த அம்மா. நம் ஆட்களையும் எடுத்திருக்கிறாள். அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். எதிரே நிற்கிற ஆளும் அசையாமல் நிற்க வேண்டும். படத்துக்குக் கீழே பெயர் எழுதவில்லை என்று உனக்குக் கோபம். எனக்கும்தான். ஆனாலும் நின்றவர்களுக்குத் தாங்கள் நிற்பது தெரியும். சின்னம்மாவுக்குத் தெரியாது. ஒரு மலையைத் தாண்டி நிற்கிற கமராவுக்கு யாரும் முகத்தைச் சரிசெய்துகொள்ள முடியாது.

இதை யோசித்து யோசித்து ஒரு கட்டத்தில் உன் ஏ7ஐயே வைத்துக்கொள்ளலாம் என்றுகூட முடிவெடுத்தேன், உண்மை. ஆனால் பிள்ளைகள். பாறையில் இருந்ததை நான் காட்டியபோது எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறவன் முன்னால் வந்து, "சேர், இது நம்ம ஊர்லயா?" என்று கேட்டான். இதுவரை என்னிடம் அவன் கேட்ட கேள்வி வெளியே போகலாமா என்பது மட்டும்தான். மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி மலைநாட்டை விட்டு உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று நான் எத்தனை வருடமாகச் சொல்கிறேன், ஒருத்தன் நிமிர்ந்து பார்த்ததில்லை. திரை நிறைய அது வந்ததும் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். ஆகவே தூரக் கமராதான். ஒரு சட்டம் மட்டும் போட்டிருக்கிறேன்: உடுப்புப் போட்ட எதையும் தூரத்திலிருந்து எடுக்கக் கூடாது. கோயில் மாட்டுக்குப் பட்டுத்துணி கட்டியிருந்தால் என்ன செய்வது என்று அதே கடைசி வாங்கு கேட்கிறான். முன்னேற்றம்தான்.

சிறுத்தை இருந்த இடத்தைச் சொல்லாததற்குக் காரணம் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டி, சில நாளில் செத்தது ஞாபகம் இருக்கும். நாடே பார்த்தது. பன்றிக்குத்தான் வைக்கிறார்கள், சிறுத்தைக்கு அது தெரியுமா? மரக்கறிப் பாத்தியைப் பன்றி கிண்டிவிட்டால் அந்த வீட்டுக்கு வருமானம் போகிறது, அவர்களையும் முழுக்கத் திட்ட முடியவில்லை. ஆனால் பாறை இருக்கிற படத்தை ஒரு பிள்ளை வாட்ஸ்அப்பில் போட்டால் போதும், பின்னால் தெரிகிற மலையை வைத்தே நம் ஆட்கள் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். கம்பிக்காரனும் வருவான், வேடிக்கைக்காரனும் வருவான். அதனால் படம் என்னிடம் மட்டும்தான். உனக்கும் அனுப்ப மாட்டேன், நீ ஸ்டூடியோ வாசலில் மாட்டுகிற ஆள்.

சரி, முடிவு. பி1000 வேண்டாம். அந்த ஒன்றரைக் கிலோவைக் கழுத்தில் போட்டு மேட்டில் ஏறிப் பார்த்துவிட்டேன், அந்தி வெளிச்சத்தில் அது குருடு. ஆர்எக்ஸ்10 4 பழையது ஒன்று உன் கலியாணக் கூட்டத்தில் யாரிடமாவது தேடு. 600 எனக்குப் போதும். சிறுத்தை சின்னதாக வரட்டும், கொண்டைக்குருவி பெரிதாக வரும். வாங்குமுன் லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பார், சூமை ஒரு இருபது தரம் இழுத்து விட்டுப் பார்.

ஏ7 உனக்குத்தான், ஆனால் மாசிக்கு அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வர வேண்டும். இந்த முறை காமன் கூத்து நடத்துகிறார்கள். காமன் பொட்டலில் இரண்டு டியூப் லைட்டும் தீப்பந்தமும்தான் இருக்கும், விடியப்புறம் காமனை எரிக்கும் வரை உன் 50உம் 85உம் இல்லாமல் ஒன்றும் வராது. பகலில் லயத்து வயதானவர்களை உட்கார வைத்து ஆளுக்கொரு படம் எடுத்துக் கொடு. என் அம்மாவுக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் கிடையாது, உனக்குத் தெரியும். முதல் ஆள் சின்னம்மா. நான் சொல்லி வைக்கிறேன், நல்ல சேலை கட்டுவாள். பெயரைப் படத்துக்குக் கீழே நீயே எழுது.

சீட்டுக் காசு அடுத்த மாதம் விழும், விலையை அதற்குள் பேசி முடி. வீட்டுக்காரியிடம் பாதி விலைதான் சொல்லப் போகிறேன். அவள் உனக்குப் போன் பண்ணிக் கேட்பாள், நீயும் அதையே சொல்.

அன்புடன்,
கணக்கு