கல்வெட்டில் பெயர் இருக்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேவைச் சங்கங்கள் என்றாலே சால்வை, கேடயம், குழுப்படம், பிறகு விருந்து என்று கடந்த வாரம் இதே பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். கோவில்பட்டிப் பக்கம் முப்பத்தோரு வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். அந்தச் சால்வைகளில் நாலைந்து என் பீரோவிலும் கிடக்கின்றன. அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நான் சாட்சி.

1995 டிசம்பரில் பல்ஸ் போலியோ தொடங்கியது. முதலில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்தான்; பிறகுதான் ஐந்து வயது வரை என்று ஆயிற்று. சொட்டு மருந்து போடுவது பெரிய வித்தை இல்லை. வாயைத் திறந்து இரண்டு சொட்டு, இடது கைச் சுண்டு விரலில் மை, முடிந்தது. மருந்து சூடாகாமல் பார்ப்பதும், விட்டுப்போன குழந்தையைத் தேடிப் பிடிப்பதும்தான் வேலை. நான்கு ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பின்னாளில் வந்த குப்பிகளின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வெளிர் சதுரம் இருக்கும். வெயில் ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி வீண்.

எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் சாக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் இருந்தார். முகாமுக்கு டீயும் இட்லிப் பொட்டலமும் அனுப்புவதோடு அவர் கடமை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சுற்றில், மாலை நான்கு மணிக்கு நான் கணக்கு முடிக்கப் போகும்போது வந்து நின்றார். "கரிமூட்டத்துக்குப் போனீர்களா, நர்சம்மா?" என்றார். போகவில்லை. சீமைக்கருவேலம் வெட்டிக் கரி சுடுகிறவர்கள் காட்டுக்குள் குடிசை போட்டுத் தங்குவார்கள். ஒரு காட்டில் வேலை முடிந்ததும் அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். எந்த ஊர்ப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்காது. ஆனால் கரி அள்ளச் சாக்கு வேண்டுமே! எந்தக் காட்டில் எத்தனை மூட்டம் புகைகிறது என்பது அண்ணாச்சியின் கடன் நோட்டில் இருந்தது. அவருடைய சரக்கு வண்டியில் பெட்டியோடு ஏறினேன். இருட்டுவதற்குள் பதினொரு குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தோம். விரலெல்லாம் கரி அப்பியிருந்ததால் மை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒருவர் என்று ஆள் சேர்ப்பது ரோட்டரியின் பழைய வழக்கம். அதன் பயன் எனக்கு அன்றுதான் புரிந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்தச் சங்கங்களில் தலைவர் பதவி ஓராண்டுதான். ஜூலை 1 பிறந்தால் நாற்காலி மாறிவிடும். போலியோவை உலகத்தை விட்டே விரட்டுவது என்று ரோட்டரி இறங்கியது 1985இல். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹவுராவில். போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது 2014 மார்ச்சில். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு சங்கத்திலும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தலைவர்கள் வந்து போயிருப்பார்கள். யாரும் "அது போன தலைவரின் திட்டம்" என்று கைவிடவில்லை.

அரிமா சங்கத்து (லயன்ஸ்) கண் முகாம்களும் அப்படித்தான். 1925இல், பார்வையும் கேட்கும் திறனும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர், அந்தச் சங்கத்தின் மாநாட்டுக்குப் போய்ப் பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டாராம். அன்று பிடித்த வேலையை இன்னும் விடவில்லை. கண்புரை அறுவை சிகிச்சை, லென்ஸ், சாப்பாடு எல்லாம் இலவசம் என்று மைக்கில் கத்தினாலும் கிழவிகள் பஸ் ஏற மாட்டார்கள். ஆட்டை யார் பார்ப்பது என்பார்கள். எங்கள் பக்கத்து முகாமுக்கு ஆள் சேர்த்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவர். முதியோர் உதவித்தொகை மணியார்டர் கொடுத்துப் பழகியவருக்கு, நோட்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து எண்ணுகிறவர்கள் யார் யார் என்று தெரியும். முதல் நாளே வீடு வீடாகப் போய் ஆட்டுக்கும் கோழிக்கும் பக்கத்து வீட்டில் ஆள் சொல்லி வைத்துவிடுவார். மூன்றாம் நாள் இரவு மருத்துவமனை வண்டி திரும்பும்போது கையில் டார்ச்சோடு நிறுத்தத்தில் நிற்பார். கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக இறங்குகிற ஒவ்வொருவரையும் வீட்டுவாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் படுப்பார். இதையெல்லாம் யாரும் படம் எடுத்ததில்லை. அந்த நேரத்தில் வெளிச்சமும் இருக்காது.

இனி அந்த வாசகர் சொன்ன பாதிக்கு வருகிறேன். என் பேத்தி படித்த பள்ளியில் ஒரு சங்கம் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக் கொடுத்தது. ரிப்பன், கைதட்டல், கருப்புக் கிரானைட்டில் பன்னிரண்டு பெயர்கள். எட்டாவது மாதம் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. தலைமையாசிரியை போன் செய்தபோது, புதுத் தலைவர் வந்துவிட்டார், இந்த ஆண்டுத் திட்டம் மரக்கன்று என்று பதில் வந்ததாம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். கல்வெட்டைத் துடைப்பதற்கு மட்டும் ஆயா இருக்கிறார்.

பணம் இல்லாததால் இப்படி ஆகவில்லை. பதவியேற்பு விழாவுக்கு மண்டபம் பிடித்த செலவில் பத்து வருடத்துக்கு ஃபில்டர் மாற்றலாம். இயந்திரம் வாங்கும்போதே பராமரிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, சங்கத்தில் ஒருவர் பெயரில் பொறுப்பை எழுதி வைத்தால் போதும். பதவியேற்பு மேடையில் புதுத் திட்டங்களை வாசிப்பதற்கு முன்னால், போன மூன்று ஆண்டுகளில் கொடுத்தவை எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லலாம். சங்க நண்பர்கள் என்மேல் கோபப்படக் கூடாது. உங்கள் சால்வை போர்த்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஆசிரியருக்கும் ஒரு விண்ணப்பம். ஜூலை மாதம் வந்தால் உங்கள் மாவட்டப் பக்கத்தில் பாதி இடம் பதவியேற்புப் படங்களுக்கே போய்விடுகிறது. அந்தப் படங்களைக் குறைத்துக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன் திறந்து வைத்த ஏதாவது ஒன்றைப் பார்த்துவர ஒரு நிருபரை அனுப்புங்கள். எங்கள் பள்ளிக் குழாயிலிருந்தே அவர் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.