கூரைக்குத் தண்ணீர் யார் தருவது?

ஆசிரியருக்கு,

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவது இலக்கு. ஒரு வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை. வேலை ஏற ஏறத் தவணையாகப் பணம் வருகிறது. முதன்முதலாகச் சொந்தக் கூரை போடும் குடும்பத்துக்கு இது பெரிய ஆதரவு. ஆனால் சிமெண்டுக்கும் கம்பிக்கும் போடும் கணக்கை யாரும் தண்ணீருக்குப் போடுவதில்லை.

நாலரை அங்குலக் கனத்தில் அந்தக் கூரைக்கு 25 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். கான்கிரீட் காயாமல் இறுகிப் பலம் பெற, மறுநாள் தளத்தின் மேல் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்க 1,400 லிட்டர் வேண்டும். பதினைந்து லிட்டர் குடத்தில் தொண்ணூறுக்கு மேல். வெயில் குடித்துவிடுவதை ஈடுகட்ட தினமும் இன்னும் பத்துப் பன்னிரண்டு குடம். இப்போது பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்டுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி குறைந்தது 10 நாள், வறண்ட வெயிலில் 14 நாள் ஈரம் காயக் கூடாது. தெருக்குழாயில் அரைமணி நேரம் தண்ணீர் வரும் குடியிருப்பில் அத்தனை குடத்தை ஏணியில் ஏற்றுவது யார்? நாலாம் நாளே பாத்தி காய்ந்து, தளத்தில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. ஐப்பசி மழை அதற்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. பிறகு மேலே எதைப் பூசினாலும் ஒழுகல் முழுதாக நிற்பதில்லை.

கலவை போடும்போது நிலைமை நேர் எதிர். ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். இழுத்துப் பரப்பச் சுலபம் என்று கொத்தனார் இன்னொரு வாளி ஊற்றினால் கூரையின் பலம் அங்கேயே போய்விடும்.

கம்பிக்கு அடியில் ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஆள் மிதித்ததும் கல் நழுவி, கம்பி சென்ட்ரிங் (கூரையை வார்க்கும் தற்காலிக அச்சு) தகரத்தில் படிந்துவிடும். சென்ட்ரிங் பிரித்தால் அடியில் கம்பி வரிவரியாகத் தெரியும். கல்லுக்குப் பதில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் 20 மி.மீ. கவர் பிளாக் என்ற சிறு கட்டையை வீட்டாரே சிமெண்ட் கலவையில் முந்தின வாரம் வார்த்து, நனைத்து வைத்துக்கொள்ளலாம், செலவு அற்பம்.

கூரை போட்டபின் எடுக்கும் புகைப்படத்தில் இவை எதுவும் தெரியாது. ஆகவே ஓவர்சியர் கான்கிரீட் கொட்டும் நாள் காலையில் வந்து கம்பியைப் பார்க்க வேண்டும். கூரை போட்ட வீட்டுக்கு இரண்டு வாரம் ஊராட்சி டிராக்டர் டேங்கரில் தண்ணீர் தர ஊரக வளர்ச்சித் துறை உத்தரவிட வேண்டும். முதல் நாள் ஒரு நடை, அப்புறம் மூன்று நாளுக்கு ஒருமுறை சில பீப்பாய்கள் நிரப்பினால் போதும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மன்னார்குடி.