விதானத் தாமரைகளுக்கு எனாமல் வேண்டாம்

மதுரை வட்டாரக் கோயில்களின் திருப்பணிக் குழுவினருக்கு வணக்கம்.

குடமுழுக்குக்கு நாள் குறித்ததுமே எனாமல் டின்கள் வந்து இறங்கிவிடுகின்றன. தூணுக்கும் அதுதான், விதானத்தில் வட்டமாகத் தீட்டிய தாமரைக்கும் அதுதான். வர்ணமும் சுதையும் எங்கள் தொழில். அந்த உரிமையில் கேட்கிறோம்: வட்டங்களைத் தனி வேலையாக எடுங்கள்.

இத்தாலியில் வட்ட ஓவியத்தையும் வட்டப் புடைப்புச் சிற்பத்தையும் தோந்தோ என்பார்கள். இத்தாலியக் கலைஞர் மைக்கலாஞ்சலோ தீட்டிய தோனி தோந்தோ என்ற ஓவியம் ஏறத்தாழ 120 செ.மீ. விட்டம். அது சுவரில் மாட்டியது. மேல், கீழ் உண்டு. மீனாட்சியம்மன் கோயில் விதானத் தாமரைக்கு அப்படி இல்லை. எந்தப் பக்கம் நின்று அண்ணாந்தாலும் நேராகத் தெரிய வேண்டும்.

ஓர் இதழை ஒற்றியெடுத்து வரிசையாக வைத்து வரைந்தால், இதழுக்கு 2 மி.மீ. கூடினாலே 16 இதழில் 32 மி.மீ. இடிக்கும்; கடைசி இதழ் நசுங்கிவிடும். நடுப்புள்ளியில் நூல் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டம் போட்டு, 4, 8, 16 என்று பாதி பாதியாக வகுப்பதே சரி. பழைய நடுப்புள்ளி தெரிகிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.

நாயக்கர் கால ஓவியங்கள் பெரும்பாலும் காய்ந்த சுண்ணப் பூச்சின்மேல் பசை கலந்த வர்ணத்தால் தீட்டியவை. ஈரத்துணி பட்டாலே கையோடு வந்துவிடும். எனாமலோ தோல்போல மூடிக்கொள்ளும். தளத்திலிருந்து இறங்கும் ஈரத்துக்குப் போக்கிடம் இருக்காது. அதிலுள்ள உப்பு பூச்சுக்குள்ளேயே பூத்து, கொப்புளம் விட்டு, பழைய வர்ணத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு உதிரும். ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தாலும் இதே கதிதான். விரல் மூட்டால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்கும் இடங்களைப் போட்டோவில் குறியுங்கள், ஓவியத்தில் அல்ல. அங்கே சுண்ணச்சாந்துதான் போக வேண்டும்.

கல்லில் செதுக்கிய தாமரைக்கு மணல்வீச்சு வேண்டவே வேண்டாம். இதழின் விளிம்பு மழுங்கும். சொரசொரப்பான முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் முன்னைவிட வேகமாக ஒட்டும். லண்டனில் உள்ள தாதேய் தோந்தோ என்ற பளிங்குப் புடைப்புச் சிற்பத்தை மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்டார். அதிலுள்ள உளித்தடங்களை 500 ஆண்டு கழித்தும் எண்ணிப் பார்க்கலாம். நம் சிற்பியின் உளித்தடமும் அப்படி நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மேல்தளத்தின் ஒழுக்கை அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கப் பெய்து, விதானத்தில் புதுக்கறை படியவில்லை என்று கண்ட பிறகு சாரம் கட்டுங்கள். அதற்கேற்பக் குடமுழுக்கு நாளைத் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
சுதை, வர்ண வேலைக்காரர்கள்