மல்லி குளிர்காலப் பூ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், குளிர்கால மாலைகளுக்கு ஏற்ற இனிப்பு வாசனை சென்ட்டுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். லாங்கோம் கம்பெனியின் 'லா வீ எ பெல்' சென்ட்டுக்கு மட்டுமே அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். நம் பத்திரிகைகளில் சென்ட் என்றால் விளம்பரமாக வரும், இல்லாவிட்டால் அலர்ஜி பற்றிய மருத்துவக் குறிப்பில் வரும். அதன் மணத்தைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை.

ஆனால் குளிர்காலத்தில் மலரும் மல்லிகையையும் ஐரிஸ் பூவையும் பிழிந்து இந்த சென்ட் தயாராகிறது என்று ஒரு வரி வருகிறது. மல்லி குளிரில் மலராது. ஐரிஸில் மணம் பூவிலிருந்து எடுப்பதில்லை. இரண்டையும் யாரும் பிழிவதும் இல்லை. சத்தியமங்கலம் பக்கம் ஒரு சென்ட் ஃபேக்டரியில் சரக்கின் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மல்லி வெயில் பூ. பங்குனி, சித்திரையில் வெயில் ஏற ஏறக் கொட்டும். பனி விழ ஆரம்பித்தால் மொட்டு சிறுத்துவிடும், பாதிச் செடியில் ஒன்றும் இருக்காது. மார்கழி, தையில் பூக்கடைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தை முகூர்த்தத்தில் கிலோ இரண்டாயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த விலைக்கு எந்த ஃபேக்டரியும் பூ வாங்காது. கோடையில் மார்க்கெட்டில் பூ குவிந்து விலை விழும்போதுதான் எங்கள் வண்டி போய் நிற்கும். ஆக, குளிருக்கென்று செய்த பாட்டிலுக்குள் இருப்பது முழுக்கக் கோடை மல்லி.

அது எப்படி உள்ளே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் பறித்த மொட்டு மத்தியானத்துக்குள் ஃபேக்டரிக்கு வந்துவிடும். வந்ததும் மெஷினில் போட முடியாது. மொட்டில் வாசனை இல்லை. மலரும்போதுதான் அது உண்டாகிறது. அதனால் சிமெண்ட் தரையில் மெல்லிசாகப் பரப்பி, இருட்டும்வரை காத்திருப்போம். குவியலாக விட்டால் உள்ளே சூடேறிப் பூ வெந்துபோகும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்ததும் கொட்டகை முழுக்க வாசனை ஏறும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் வாரம் தலைவலி என்று வெளியே போய் நிற்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

விரிந்த பூவைத் தட்டுகளில் அடுக்கி, ஹெக்ஸேன் என்ற கரைப்பானை ஊற்றுவோம். நீராவி காட்டினால் மல்லியின் மணம் கெட்டுவிடும் என்பதால்தான் இந்த வழி. ஹெக்ஸேன் பூவின் மெழுகையும் வாசனையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மிஞ்சும் மெழுகுக் கட்டிக்குப் பெயர் காங்கிரீட். ஆயிரம் கிலோ மல்லிக்கு ஒன்றரை, இரண்டு கிலோ தேறினால் பெரிது. அதை ஆல்கஹாலில் கழுவி, குளிரவைத்து, மெழுகைப் பிரித்தால் சுமார் பாதி, அப்சல்யூட் என்ற கெட்டியான வாசனைச் சாறாக நிற்கும். அந்தச் சரக்கு பல கை மாறி வெளிநாட்டுக்குப் போகும். எந்த பாட்டிலில் எந்த ஊர் மல்லி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது; சொல்கிறவர்களை நம்பவும் மாட்டேன்.

ஐரிஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. அதில் பூவுக்கு வேலையே இல்லை. தரைக்கடியில் இருக்கும் கிழங்கைத் தோண்டி, தோல் சீவி, காயவைத்து, மூன்று வருடம்போல மூட்டையில் போட்டுவைப்பார்கள். பச்சைக் கிழங்கில் அந்த மணம் கிடையாது. வைத்திருக்க வைத்திருக்கத்தான் பவுடர் போன்ற அந்த வாசனை உருவாகும். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் பக்கம் இதற்குப் பெயர் பெற்றது.

சரி, இனிப்புக்கு வருவோம். 2012இல் வந்த இந்த சென்ட்டில் ஐரிஸ், மல்லி, ஆரஞ்சுப் பூ ஆகியவற்றுக்கு அடியில் பிராலின், வெனிலா, டோங்கா என்ற விதை, பச்சோலி என்ற இலை என்று ஒரு கனமான தளம் இருக்கிறது. பிராலின் என்பது பாதாம் மாதிரிப் பருப்பைச் சர்க்கரைப் பாகில் கிளறுவது. கடலை மிட்டாய்க்குப் பாகு முற்றி, கரிவதற்குக் கொஞ்சம் முன்னால் அடுக்களையில் எழும் வாசனையை நினைத்துக்கொண்டால் போதும். இந்த மாதிரி மிட்டாய் வாசனையை சென்ட்டில் துணிந்து தூக்கலாக வைத்தது 1992இல் தியரி முக்லர் வெளியிட்ட 'ஏஞ்சல்'. எத்தில் மால்டால் என்ற செயற்கைப் பொருள்தான் அதில் பஞ்சு மிட்டாய் வாசனையைத் தருகிறது. அந்த இனிப்பு திகட்டாமல் இருக்க, மண்வாசனை கொண்ட பச்சோலியை நிறையச் சேர்த்தார்கள். பின்னால் வந்த இனிப்பு சென்ட்டுகளில் பாதிக்கு மேல் அந்த வழியில் நடந்தவை என்பது என் கணிப்பு. வெனிலா அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. வெனிலா தூக்கலான, கெர்லான் கம்பெனியின் 'ஷாலிமார்' 1925ஆம் வருடத்து சென்ட்.

வெனிலா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2000க்குப் பிறகு மடகாஸ்கரில் புயல் அடித்து விலை ஏறியபோது, கேரளத்திலும் நம் மேற்கு மாவட்டங்களிலும் எத்தனையோ பேர் பாக்குத் தோப்புக்குள் வெனிலாக் கொடி போட்டார்கள். பூவைத் தேடித் தேடிக் கையால் மகரந்தம் சேர்த்தார்கள். சில வருடத்தில் விலை தரைக்கு வந்துவிட்டது. அதைப் பற்றியும் ஒரு நாள் இணைப்பில் எழுதலாம்.

கட்டுரையில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது, ஐந்தாறு முறை தாராளமாக அடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை. அதுவும் சென்னை டிசம்பர் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு! வெனிலா, பச்சோலி, எத்தில் மால்டால் எல்லாம் மெதுவாக ஆவியாகும் சரக்கு. குளிரில் இன்னும் மெதுவாகப் போகும். நான் இப்போது இருக்கும் குன்னூரில் டிசம்பர் சாயங்காலம் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் நிற்க முடியாது. இங்கே என் மருமகள் இதே சென்ட்டைக் கழுத்தில் ஒரு முறையும் சால்வையில் ஒரு முறையும் அடித்துக்கொண்டு போனால், பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் மல்லியும் பாகும் கலந்து லேசாகத் தெரியும். கம்பளித் துணியில் மறுநாள்கூட மிச்சம் இருக்கும். குளிர்ந்த காற்று அந்த இனிப்பைக் கட்டுக்குள் வைக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கோட்டும் மஃப்ளரும் போடும் ஊர்களின் மாலைக்கு என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சென்னையில் டிசம்பர் என்றாலும் வேர்க்கும். வேர்வைச் சூட்டில் இதே சரக்கு ஒரேயடியாகக் கிளம்பி முன்னால் நடக்கும். அதோடு போய், கதவைச் சாத்தி ஏசி போட்ட சபாவில் உட்கார்ந்தால், அந்த வாசனைக்கு வெளியே போக வழி இல்லை. போன சீசனில் மகள் வீட்டுக்கு வந்தபோது ஒரு கச்சேரிக்குப் போனேன். முன் வரிசையில் ஓர் அம்மா இந்த ரக சென்ட்டில் குளித்தே வந்திருந்தார். தனி ஆவர்த்தனத்துக்கு முன்பே நான் கேன்டீனுக்குப் போய்விட்டேன். அங்கே காப்பி வாசனை இருந்ததால் மூக்கு பிழைத்தது. சமவெளியில் இருப்பவர்கள் ஆசைப்பட்டால் ஒரே ஒரு தடவை, முழங்கை மடிப்பில், கிளம்புவதற்கு அரை மணி முன்னால் போடட்டும். தலையில் நிஜ மல்லி வைத்திருந்தால் அதுவும் வேண்டாம்.

கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் நகல் பாட்டில்களைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றும் இல்லை. வாசகர்களில் பலர் அதைத்தான் வாங்குவார்கள் என்பதால் சொல்கிறேன். பூவின் சரக்கு விலை அதிகம், எத்தில் மால்டால் மலிவு. நகல்காரர் எதைக் குறைத்து எதைக் கூட்டுவார் என்று யூகிக்கலாம். அடித்த நிமிடத்தில் வித்தியாசம் தெரியாது. ஒரு காகிதத் துண்டில் அடித்து, இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். பூ காணாமல் போய் வெறும் மிட்டாய் மட்டும் நின்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு மல்லிகை என்று பெரிதாகப் போட்டிருந்த படத்தில் இருப்பது நந்தியாவட்டை. சாமிக்கு வைக்கலாம், எந்த சென்ட் ஃபேக்டரியும் வாங்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்